இலையுதிர் காலத்தில் புல்தரைக் களை: விதை தூவுவதா, களைக்கொல்லி இடுவதா?

கேரிவாசி – செப்டம்பர் 11

அன்பர்களுக்கு வணக்கம். வட கரோலினாவின் கேரி நகரில் நான்கு ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். முன்பக்கம் ஏறத்தாழ 2,000 சதுர அடியும் பின்பக்கம் 3,000 சதுர அடியும் புல்தரை. இரண்டும் டால் ஃபெஸ்க்யூ வகை. இந்தக் கோடையில் முன்பக்கத்துப் புல் வட்ட வட்டமாகப் பழுத்துக் கருகிவிட்டதால் அங்கங்கே மண் தெரிகிறது. பின்பக்கம் புல் அடர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் களையும் அங்கேதான் அதிகம்.

பிப்ரவரி வந்ததும் சதுரத் தண்டும் ஊதாப் பூவும் கொண்ட ஹென்பிட் என்ற செடி மடமடவென்று படர்கிறது. ஏப்ரலில் வெளிர் பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒரு புல் கிளம்பி வெள்ளைக் கதிர் தள்ளுகிறது. எவ்வளவு தாழ வெட்டினாலும் அதற்கும் கீழே கதிர் விடுகிறது. டேண்டிலயனும் வெள்ளைக் க்ளோவரும் ஆண்டு முழுவதும் நிரந்தரக் குடிகள். குடியிருப்போர் சங்கத்திலிருந்து இதுவரை இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று சென்ற ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் புரோடியமின் என்ற களைத்தடுப்புக் குருணை மருந்தைப் புல்தரை முழுவதும் தூவி நீர் பாய்ச்சினேன். பதினைந்து நாள் கழித்து முன்பக்கத்து வெற்றிடங்களில் ஃபெஸ்க்யூ விதை தூவினேன். 20 பவுண்டு விதையில் முளைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். முளைத்தவையும் ஒரு விரற்கடை உயரத்திலேயே பழுத்து மடிந்தன. விதை பழையதாக இருக்கும் என்று வாங்கிய கடையில் சொன்னார்கள். மருந்துதான் காரணம் என்கிறார் அண்டை வீட்டுக்காரர். அந்தக் குளிர்காலத்தில் ஹென்பிட்டும் வெளிர்புல்லும் குறைந்தது என்னவோ உண்மை. டேண்டிலயனும் க்ளோவரும் இம்மியும் குறையவில்லை.

இந்த ஆண்டு விதை தூவுவதா, மருந்து இடுவதா, அல்லது இரண்டையும் செய்ய ஏதேனும் வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

செம்மண்தோட்டம் – செப்டம்பர் 11

நண்பரே, உங்கள் பக்கத்து ஊரான ராலேயில் பதினோரு ஆண்டுகளாக இதே செம்மண்ணோடு மல்லுக்கட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அண்டை வீட்டுக்காரர் சொன்னதே சரி. விதையின் மீது பழி போடுவதற்கில்லை.

புரோடியமின் விதை முளைப்பதைத் தடுப்பதில்லை. விதை ஊறும், வெடிக்கும், வேர்நுனி எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் செல்கள் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாகாதபடி மருந்து அப்போதுதான் கை வைக்கும். வேர் நீளாமல் நுனியில் தடித்து உருண்டு, கதாயுதம் போல நின்றுவிடும். விதைக்குள் இருந்த சேமிப்பு தீரும்வரை நாற்று பச்சையாக நிற்கும், பிறகு மடியும். நீங்கள் பார்த்த விரற்கடை உயர நாற்றுகளின் கதை இதுதான். களை விதை எது, காசு கொடுத்து வாங்கிய விதை எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது. நம் ஊரில் கடலைக்கும் பருத்திக்கும் அடிக்கும் பெண்டிமெத்தலினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே பயிர் தப்பிப்பதற்குக் காரணம், பருமனான கடலை விதை மருந்துப் படலத்துக்குக் கீழே ஆழத்தில் விழுவதும், பொடிப்பொடியான களை விதை மேல்மண்ணில் கிடப்பதும் ஆகும். புல்தரையில் நாம் தூவும் விதையும் களை விதையும் ஒரே கால் அங்குல மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால், அப்படித் தப்புவதற்கு வழியில்லை.

அடுத்து, களைகளை வகை பிரித்துக்கொள்ளாமல் எந்த மருந்தும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் வெளிர்புல் போவா அன்னுவா. அதுவும் ஹென்பிட்டும் சிக்வீடும் குளிர்கால ஓராண்டுச் செடிகள். இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர் முழுவதும் கண்ணில் படாமல் ஒடுங்கிக் கிடந்து, வசந்தத்தில் பூத்து விதை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறியதும் தாமாகவே காய்ந்து போகும். ஏப்ரலில் கதிரைப் பார்த்துக் கோபப்பட்டு மருந்து அடிப்பவர், சாகப் போகிற செடிக்குத்தான் செலவு செய்கிறார். அடுத்த ஆண்டுக்கான விதை அதற்குள் மண்ணில் விழுந்திருக்கும். இவற்றை முளைக்கும் வேளையில் தடுப்பதற்கு உரிய காலம் இப்போது, அதாவது மண்ணின் வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கி வரும் வேளை. நம் பகுதியில் அது பெரும்பாலும் செப்டம்பர் நடுவிலிருந்து மாத இறுதிக்குள் நிகழ்கிறது. நாட்காட்டியை நம்புவதைவிட, சமையலறையில் இறைச்சிக்குப் பயன்படுத்தும் குத்து வெப்பமானி ஒன்றைக் காலையில் இரண்டு அங்குல ஆழத்தில் செருகிப் பார்ப்பது மேல். (பிறகு அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது. எங்கள் வீட்டில் இது பெரிய வழக்காகிவிட்டது.)

டேண்டிலயனும் க்ளோவரும் பல்லாண்டுச் செடிகள். ஏற்கெனவே வேரூன்றி நிற்கும் செடியைப் புரோடியமின் ஒன்றும் செய்யாது. அதனால்தான் சென்ற ஆண்டு அவை அசையவில்லை. இவற்றுக்கு 2,4-டி, மெக்கோப்ராப், டைகாம்பா மூன்றும் கலந்து விற்கும் இலைவழிக் களைக்கொல்லி வேண்டும். 2,4-டி மட்டும் இருந்தால் டேண்டிலயன் போகும், க்ளோவர் சிரித்துக்கொண்டு நிற்கும். இதற்கும் இலையுதிர் காலமே சிறந்தது. குளிருக்கு முன் செடி தன் இலையில் செய்த உணவை வேருக்கு இறக்கிச் சேமிக்கிறது. இலையில் பட்ட மருந்தும் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. வசந்தத்தில் ஓட்டம் வேரிலிருந்து பூவை நோக்கிப் போவதால், இலை சுருண்டு நமக்கு மகிழ்ச்சி தருமே தவிர, கிழங்கு போன்ற அந்த ஆணிவேர் பிழைத்து மீண்டும் துளிர்க்கும்.

கிராப்கிராஸ் இந்தக் கணக்கில் வராது. அது கோடைக் களை, முதல் உறைபனியில் தானே சாகும். அதற்கான தடுப்பு மார்ச்சில்தான்.

ஆகவே என் யோசனை, வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதே. பின்பக்கம் அடர்த்தியாக இருப்பதால் விதை தேவையில்லை. மண் 70 டிகிரியைத் தொடும் வாரத்தில் அங்கே புரோடியமின் இட்டு, அரை அங்குல அளவுக்கு நீர் பாய்ச்சிவிடுங்கள். காலி டின் ஒன்றைப் புல்லில் வைத்தால் எவ்வளவு நீர் விழுந்தது என்று தெரிந்துவிடும். முன்பக்கம் இந்த ஆண்டு விதைக்கு உரியது. மண்ணைக் கீறி, ஆயிரம் சதுர அடிக்கு 4 பவுண்டு வீதம், மொத்தம் 8 பவுண்டு ஃபெஸ்க்யூ விதை போதும்; 20 பவுண்டு கொட்டினால் நாற்றுகள் நெருக்கத்தில் நோய்ப்பட்டு மடியும்.

இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியுண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு உண்டு. மீசோட்ரையோன் என்ற மருந்தை டால் ஃபெஸ்க்யூ விதைக்கும் நாளிலேயே தெளிக்கலாம். ஹென்பிட், சிக்வீட் போன்றவற்றின் நாற்றுகள் வெள்ளையாக வெளிறிச் சாகும், ஃபெஸ்க்யூ பிழைத்துக்கொள்ளும். ஆனால் போவா அன்னுவாவை அது அரைகுறையாகவே அடக்கும். விதைத்த அன்று தெளிக்கத் தவறினால், நாற்று முளைத்து நான்கு வாரம் ஆகும்வரை அதைத் தொடக் கூடாது. மூன்று மருந்துக் கலவையை முன்பக்கத்தில் இப்போது அடிக்கவே வேண்டாம். புது நாற்றை மூன்று முறை வெட்டிய பிறகு அடித்துக்கொள்ளலாம்.

முன்பக்கத்தில் விதைப்பதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். இந்த ஆண்டு மார்ச்சில் கிராப்கிராஸுக்கென்று முன்பக்கத்தில் ஏதேனும் மருந்து இட்டீர்களா?

கேரிவாசி – செப்டம்பர் 12

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, ஐயா. மார்ச் மூன்றாம் வாரத்தில் மிஞ்சிய புரோடியமினை முன்பக்கத்தில் தூவினேன்; எவ்வளவு என்று அளக்கவில்லை. பையைக் காலி செய்துவிடலாம் என்ற எண்ணத்தில், நடைபாதையை ஒட்டிய பகுதியில் சற்றுத் தாராளமாகவே விழுந்திருக்கும். இன்று காலை மண் 74 டிகிரி இருந்தது.

செம்மண்தோட்டம் – செப்டம்பர் 12

அளக்காமல் தூவியதுதான் சிக்கல். வழக்கமான அளவு என்றால் ஆறு மாதத்தில் பெரும்பகுதி வலுவிழந்திருக்கும் என்று துணிந்து சொல்வேன். கூடுதலாக விழுந்த இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது, ஏனெனில் இந்த மருந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகவே சிதைகிறது. ஊகிப்பதைவிட மண்ணிடமே கேட்டுவிடுங்கள். நடைபாதை ஓரத்தில் மேல் இரண்டு அங்குல மண்ணை எடுத்து ஒரு தொட்டியிலும், புல்தரையின் நடுவிலிருந்து எடுத்த மண்ணை இன்னொன்றிலும், மருந்தே படாத பூச்செடிப் பாத்தி மண்ணை மூன்றாவதிலும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஐம்பது ஃபெஸ்க்யூ விதையை எண்ணிப் போட்டு ஈரம் காயாமல் வையுங்கள். இரண்டு வாரத்தில் விடை கிடைத்துவிடும். முளைத்ததை எண்ணுவதோடு நிற்காமல், சில நாற்றுகளை மெல்லப் பிடுங்கி, மண்ணை நீரில் அலசிவிட்டு வேரைப் பாருங்கள். நீண்டு மெலிந்த வெள்ளை வேர் என்றால் கவலையில்லை. குட்டையாக, நுனி தடித்திருந்தால் அந்த இடத்துக்கு இந்த ஆண்டு விதை வீண்.

அக்டோபர் முதல் வாரம் வரை விதைக்கலாம் என்பதால் காத்திருக்க நாள் இருக்கிறது. பின்பக்கத்துக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டதை நேற்று விட்டுவிட்டேன். குருணையை நீர் பாய்ச்சி இறக்கி, புல் நன்றாகக் காய்ந்த பிறகும், தெளிப்பு மருந்து இலையில் முற்றிலும் உலர்ந்த பிறகும் விளையாட விடலாம். மருந்தின் சீட்டில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் சீட்டில் உள்ளதே முடிவு. நீங்கள் முழுக்கால் சட்டை, கையுறை, மூடிய காலணி அணியுங்கள். நம்மில் பலர் லுங்கியும் ரப்பர் செருப்புமாக இறங்கிவிடுகிறோம். நடைபாதையில் சிதறிய குருணையைக் கழுவி விடாமல் பெருக்கிப் புல்லுக்கே தள்ளுங்கள். கழுவினால் அது மழைநீர் வடிகாலில் போய்ச் சேரும்.

டாலஸ்அருகு – செப்டம்பர் 13

டெக்சாஸ் பக்கத்திலிருந்து சில வரிகள். எங்கள் புல்தரை பெர்முடா, அதாவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். செம்மண்தோட்டம் அண்ணன் ஊரில் ஃபெஸ்க்யூவுக்குள் இது நுழைந்தால் களை என்று துரத்துவார்கள். இங்கே இதைத்தான் வளர்க்கிறோம். சதுர்த்திக்கு நான் கடைக்குப் போவதில்லை. மருந்து அடித்த புல் என்பதால் வேலியோரம் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மருந்து படாமல் விட்டு வைத்திருக்கிறேன்.

பெர்முடாவுக்கு விதை தூவும் தேவை இல்லாததால் கேரிவாசி அவர்களின் தர்மசங்கடம் எங்களுக்குக் கிடையாது. மண் 70 டிகிரிக்கு இறங்கியதும் புரோடியமின், அரை அங்குல நீர், அவ்வளவே. தப்பி முளைத்த போவா அன்னுவாவுக்கு எங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஜனவரியில் பெர்முடா வைக்கோல் நிறத்தில் உறங்கும்போது, பச்சையாகத் தெரியும் களையின் மீது மட்டும், பச்சையாக உள்ள எந்தச் செடியையும் கொல்லும் கிளைபோசேட் தெளிக்கலாம். புல்லை விரலால் விலக்கி, அடியில் ஓடும் தண்டில் ஒரு துளிப் பச்சை கூட இல்லை என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும். ஒரு முறை தென்சுவரை ஒட்டிய பகுதியைப் பார்க்காமல் அடித்துவிட்டேன். சுவரின் சூட்டில் அங்கே புல் உறங்கவே இல்லை. ஜூன் வரை அந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. ஃபெஸ்க்யூ குளிரிலும் பச்சையாக இருக்கும் புல் ஆதலால், கேரியில் இதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். உரமும் களைக்கொல்லியும் கலந்த பைகள் இந்தப் பருவத்தில் கடை வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள். தென் மாநிலங்களில் அவற்றில் சில, செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் புற்களுக்கான அட்ரசின் என்ற களைக்கொல்லி கலந்தவை; ஃபெஸ்க்யூவில் போட்டால் களையோடு புல்லும் போய்விடும். பையின் முகப்பில் உள்ள படத்தைப் பார்க்காமல், பின்னால் உள்ள புல் வகைப் பட்டியலைப் படியுங்கள். அடுத்தது, டைகாம்பா மண்ணில் இறங்கி மர வேர் வழியாக ஏறக்கூடியது. மரத்தின் கிளை விரிவுக்குக் கீழே முழுப்பரப்பாகத் தெளிக்காமல், களைக்குக் களை குறிவைத்துத் தெளிப்பதே நல்லது.

ஒரே குடும்ப மருந்தையே ஆண்டுதோறும் போட்டால் போவா அன்னுவா அதைத் தாங்கப் பழகிவிடுகிறது என்பதும் கோல்ஃப் மைதானங்களில் கண்ட அனுபவம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மருந்துக் குடும்பத்தை மாற்றுங்கள்.

மார்க்கம்வளவு – செப்டம்பர் 14

கனடாவிலிருந்து வாசிக்கும் எங்கள் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன், ஏனென்றால் மேலே சொன்ன மருந்துகளில் ஒன்றைக்கூட ஒன்டாரியோவில் வீட்டு வளவுப் புல்லுக்கு அடிக்க முடியாது. அழகுக்காகப் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் பாவிப்பதைத் தடை செய்யும் மாகாணச் சட்டம் 2009 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னரே கியூபெக்கில் ஹட்சன் என்ற சிறிய நகரம் 1991இல் இப்படியொரு விதியைக் கொண்டுவந்து, நிறுவனங்கள் வழக்குப் போட, 2001இல் கனடா உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லை தாண்டி பஃபலோவில் வாங்கிவந்து அடிக்கலாமே என்று எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. எங்கே வாங்கினாலும் இங்கே அடிப்பது சட்டவிரோதம்.

எங்களுக்கு அனுமதி உள்ளது இரும்புச் சேர்மம் கொண்ட ஒரு தெளிப்பு மருந்து. காலையில் தெளித்தால் மாலைக்குள் டேண்டிலயன் இலை மை பூசியது போலக் கறுத்துவிடும். புல்லுக்குக் கேடில்லை, இன்னும் பச்சையாகும். ஆனால் வேர் பிழைத்துத் திரும்பவும் துளிர்க்கும் என்பதால் மூன்று, நான்கு வார இடைவெளியில் மீண்டும் அடிக்க வேண்டும். நான் செப்டம்பரில் ஒரு முறையும் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முறையும் அடிக்கிறேன். வாகனப் பாதையில் பட்டால் துருக்கறை போகாது, உடனே கழுவிவிடுங்கள். முளைப்பதைத் தடுக்கச் சோள குளூட்டன் மாவும் (மக்காச்சோளப் புரத மாவு) கிடைக்கிறது. மற்றபடி, மழை பெய்து மண் இளகிய மறுநாள், இரட்டைப் பல் கரண்டியால் டேண்டிலயனை ஆணிவேரோடு நெம்பி எடுப்பதுதான் எங்கள் முதன்மை மருந்து.

செம்மண்தோட்டம் – செப்டம்பர் 14

மார்க்கம் நண்பருக்கு நன்றி. சோள குளூட்டனைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த அந்தப் பண்பு உண்மையே. ஆனால் ஆயிரம் சதுர அடிக்கு 20 பவுண்டு கொட்ட வேண்டும், பிறகு சில நாள் மேல்மண் காய்ந்து கிடக்க வேண்டும். இலையுதிர் கால மழையில் அது நம் கையில் இல்லை. அதில் ஏறத்தாழ பத்து விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால் புல் செழிப்பது நிச்சயம். அந்தச் செழிப்பைக் களை குறைந்ததாக எண்ணிக்கொள்கிறோம் என்பது என் கணிப்பு. அதுவும் புல் விதையைத் தடுக்கும் என்பதால் விதைக்கும் இடத்தில் போடக் கூடாது.

மார்க்கம்வளவு – செப்டம்பர் 15

அதை மறுக்க மாட்டேன். இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்தேன். புல் அருமையாக வந்தது, டேண்டிலயனும் அருமையாக வந்தது.

கேரிவாசி – செப்டம்பர் 27

தொட்டிகளின் முடிவைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பூச்செடிப் பாத்தி மண்ணில் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்றும், புல்தரை நடுமண்ணில் நாற்பத்தொன்றும் முளைத்தன. நடைபாதையோர மண்ணிலும் முப்பத்தெட்டு முளைத்ததால் முதலில் மகிழ்ந்துவிட்டேன். பிடுங்கி அலசியபோதுதான் தெரிந்தது. மற்ற இரண்டில் வேர் விரல் நீளத்துக்கு நூல்போல் இறங்கியிருக்க, இதில் அரிசி நீளத்தில் நின்று, நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருந்தது. என் மகளுக்கே வித்தியாசம் தெரிந்தது.

எனவே நடைபாதையை ஒட்டி மூன்று அடி அகலத்தை விட்டுவிட்டு, மற்ற இடத்தைக் கீறி இன்று காலை விதைத்துவிட்டேன், மீசோட்ரையோனும் தெளித்தாயிற்று. பின்பக்கத்துக்கு மண் 70 டிகிரிக்கு வந்த 19ஆம் தேதியே புரோடியமின் இட்டு, டின் வைத்து அளந்து நீர் பாய்ச்சினேன். டேண்டிலயனுக்குப் பின்பக்கத்தில் எப்போது தெளிக்கலாம் என்பது மட்டும் பாக்கி.

செம்மண்தோட்டம் – செப்டம்பர் 27

பின்பக்கத்தில் நாற்று இல்லாததால் அக்டோபர் நடுவில் தெளிக்கலாம். பகல் வெப்பம் 50 டிகிரிக்கு மேல், காற்று இல்லாத காலை, அடுத்த ஒரு நாளுக்கு மழை இல்லை என்ற முன்னறிவிப்பு, இவை மூன்றும் கூடும் நாளாகப் பாருங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பும் இரண்டு நாள் பின்பும் புல் வெட்டாதீர்கள். மருந்து ஒட்டுவதற்கு இலை வேண்டும். புரோடியமினுக்கு உடனே நீர் வேண்டும், இதற்கு நீரே ஆகாது என்பதை மாற்றிக்கொள்ள வேண்டாம். குளிரில் செடி மெதுவாகவே சாகும். மூன்று வாரம் கழித்தும் இலை முறுக்கிக்கொண்டு நின்றால் பொறுமை இழந்து மறுபடி அடிக்காதீர்கள்.

கேரிவாசி – நவம்பர் 9

பின்பக்கத்தில் அக்டோபர் 16 அன்று தெளித்தேன். க்ளோவர் போய்விட்டது, டேண்டிலயன் பெரும்பாலும் கறுத்துச் சுருங்கிவிட்டது, மேப்பிள் மரத்தடியில் குறிவைத்து அடித்தவற்றில் நான்கைந்து மட்டும் மீதி. முன்பக்கம் பச்சை பிடித்து, இன்று மூன்றாம் முறையாக மூன்றரை அங்குல உயரத்தில் வெட்டினேன். அடுத்த சனிக்கிழமை 60 டிகிரி என்கிறார்கள். அன்று முன்பக்கத்துக்கும் தெளித்துவிடலாம் என்றிருக்கிறேன். நடைபாதையோரத்து மூன்று அடியில் மண்தான் தெரிகிறது, ஆனால் அங்கே ஒரு களைகூட இல்லை.